அத்தான் கல்லில் எழுதியவை

டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்புறம், எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய சந்து ஒன்றில் எங்கள் மலையேற்றச் சங்கத்தின் அறை இருக்கிறது. ஒற்றை அறைதான். கயிறுகளும் கூடாரப் பைகளும் ஒரு மூலையில் ஈர வாடையோடு கிடக்கும். நுழைந்ததும் இடது சுவரில் ஒரு கரும்பலகை. மலைக்குக் கிளம்புகிறவர் தன் கையாலேயே அதில் தன் பெயரையும் திரும்பும் நாளையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும், வீட்டுக்குக்கூடப் போகாமல், முதுகுப் பையோடு இங்கே வந்து எழுதியதைத் தானே துடைக்க வேண்டும். இன்னொருவர் துடைக்கக் கூடாது. மனைவி வந்து, ஆள் வீட்டில் தூங்குகிறார் என்று சத்தியம் செய்தாலும் செல்லாது. எப்போதோ ஓர் அக்டோபர் துர்கா பூஜை விடுமுறையில் யாரோ நல்லெண்ணத்தில் பக்கத்து வரியையும் சேர்த்துத் துடைத்துவிட, வராத ஓர் ஆளை இரண்டு நாள் யாரும் தேடாமல் இருந்துவிட்டார்களாம். அதிலிருந்து இந்தச் சட்டம். பலகை முழுக்க வங்காள எழுத்துகள் வரும், போகும். வலது கீழ் மூலையில் ஒரு தமிழ் வரி மட்டும் பதினேழு மாதமாகப் போகாமல் இருக்கிறது. என் அத்தானின் பெயர்; பக்கத்தில், "வியாழக்கிழமை வந்துருவேன்."

அத்தான் எப்படிப் போனார் என்பதை என் அக்காவிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. சொல்லாமலே வாழ்ந்துவிட முடியுமா என்று பதினேழு மாதம் பார்த்தேன். முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கிதிர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அம்மா பவானிபூரில் ஒரு தமிழ் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தாள். இரண்டு பேருக்கும் கட்டைவிரல்தான் கையெழுத்து. இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும், மற்றது வீட்டில் இருந்து சமைக்க வேண்டும் என்று ஆனபோது, ஏழு வயது மூத்த அக்கா வீட்டில் நின்றாள். நான் போனேன். வங்காளமும் ஆங்கிலமும் பள்ளியில் வந்தன; தமிழ் எழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சங்கத்தின் இலவச வகுப்பில் படித்தேன். இன்று பவானிபூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். அக்கா இன்றும் பஸ்ஸை அதன் நிறத்தையும் கண்டக்டரின் கூவலையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் கை என்னுடையது. அந்தக் கையைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது.

அத்தான் மதுரைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து ரயில்வேயில் சேர்ந்து இங்கே வந்தவர். பெட்டிகள் ஓடி முடித்து டெப்போவுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பழுது இருந்தால் பெட்டியின் மேலேயே கெட்டியான மஞ்சள் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, என்ன குறை, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். பின்னால் வருகிறவன் அதைப் படித்துச் சரிசெய்வான். இந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்தது. ஒழுகும் வாளி, திருகு போன குக்கர் கைப்பிடி, ரப்பர் பிய்ந்த ஃப்ரிட்ஜ் கதவு, எல்லாவற்றிலும் மஞ்சள் பெருக்கல். அக்காவுக்குக் கீழே எழுதியிருப்பது தெரியாது. பெருக்கல் மட்டும் தெரியும். "இந்த மனுசன் என் நெத்தியிலயும் ஒரு நாள் போட்டுட்டுத்தான் ஓய்வாரு," என்பாள். "உனக்குப் போட்டா எந்த ஷெட்டுல விட்டு ரிப்பேர் பாக்குறது? அதான் போடல," என்பார் அத்தான்.

மலைப் பைத்தியம் எனக்குக் கல்லூரியில் பிடித்தது. வங்காளிகளோடு பழகினால் மலை, மீன், புத்தகம் இந்த மூன்றில் ஒன்றாவது ஒட்டிக்கொள்ளும். காசு கொடுத்துக் கால் வலி வாங்குகிறவர்கள் என்று எங்களைக் கேலி செய்துகொண்டிருந்த அத்தான், ஒரு டிசம்பர் கடைசியில் எனக்குத் துணையாக, எல்லோரும் போகிற அந்தப் பேர்பெற்ற பாதைக்கு வந்தார். உச்சியில் சூரிய உதயத்துக்கு நாங்கள் போய் நின்றபோது எங்களுக்கு முன்னால் நானூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லாக் கையும் உயர்ந்து, எல்லாக் கையிலும் போன். பனிமலை சிவந்தது என்று மற்றவர்கள் கத்தியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். "திருப்பதி கியூவுல நின்ன மாதிரியே இருக்கு மாப்ள. லட்டு மட்டும்தான் குடுக்கல," என்றார். இறங்கும் வழியெல்லாம் டீக்கடை, மோமோக் கடை, பாட்டுப் பெட்டி, முன்னால் போகும் குதிரையின் சாணி. ஆனால் அவர் முகத்தில் ஏதோ மாறியிருந்தது. ஹவுராவில் இறங்கியபோது கேட்டார்: "கூட்டமே இல்லாத மலை ஒண்ணு இருந்தாச் சொல்லு. நானும் மலையும் மட்டும். ஒரு தடவை போதும்."

இருந்தது. அதற்கு முந்தைய வருஷப் பூஜை விடுமுறையில் நானும் இரண்டு நண்பர்களும் அதே மலைத்தொடரின் இன்னொரு முதுகில் ஏறியிருந்தோம். மூன்று நாளில் ஒரு மாடு மேய்க்கிறவரைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பாதையைப் பற்றி எங்கள் சங்கத்தின் பூஜை மலரில் வங்காளத்தில் ஆறு பக்கம் எழுதினேன். கூட்டப் பாதைக்கு மாற்று என்று தலைப்பு வைத்தார்கள். நிறையப் பேர் பாராட்டினார்கள். தண்ணீர் கிடைக்கும் இடங்களை மிகக் கவனமாகக் குறித்திருந்தேன்: பாசி படிந்த யானை அளவுப் பாறையின் அடியில் முதல் ஊற்று, இரண்டு மணி நேரம் கழித்து மூங்கில் புதருக்குள் இரண்டாவது, மேய்ப்பர் கொட்டகையின் பின்னால் நிரம்பி வழியும் கல்தொட்டி மூன்றாவது.

அத்தானுக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, முழுப் பாதையையும் அவருக்காகத் தமிழில் ஒரு நீளத் தாளில் எழுதிக்கொடுத்தேன். அக்கா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என் மச்சான் கையெழுத்தைப் பாரு, அச்சு கோத்த மாதிரி," என்று அத்தான் தாளை அவளிடம் தூக்கிக் காட்டினார். "எனக்கு அதுவும் ஒண்ணுதான், கீரையும் ஒண்ணுதான்," என்றாள் அவள். ஆனால் சிரித்தாள். பெருமையாக இருந்தது அவளுக்கும்.

பூஜை நேரத்தில் ஊரே மலைக்குக் கிளம்பும். அதற்காகவே சிறப்பு ரயில்கள் ஓடும். அந்த ரயில்களை ஓட வைக்கிறவர்களுக்கு லீவு கிடையாது. அத்தானுக்கு ஏப்ரலில்தான் கிடைத்தது. கூட வருவதாக இருந்த டெப்போ நண்பருக்குக் கடைசி நேரத்தில் லீவு ரத்தாகிவிட்டது. எனக்குத் தேர்வு நேரம், கல்லூரியில் அசைய முடியாது. தனியாகப் போக வேண்டாம் என்றேன். "தாள் இருக்குல்ல," என்றார்.

கிளம்பும் நாள் மாலை சங்கத்து அறைக்கு வந்து பலகை முன் நின்றார். எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார்; எல்லோரும் அவரை வங்காள வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் தாதா என்போம். "பேருதான் தாதா, பாத்தா பூனைக்குட்டி மாதிரி இருக்காரு," என்று என் காதில் சொல்லிவிட்டு அத்தான் பையிலிருந்து தன் மஞ்சள் சாக்கட்டியை எடுத்துத் தமிழில் எழுதினார். "இதை நாங்கள் யாரும் படிக்க முடியாதே தம்பி," என்றார் தாதா. "நாந்தானே வந்து துடைக்கணும்? எனக்குத் தெரிஞ்சாப் போதும்," என்று அத்தான் சொன்னதை நான் வங்காளத்தில் சொல்ல, அறையே சிரித்தது.

வியாழன் வரவில்லை. ரயில் தாமதம் என்று நினைத்தோம். வெள்ளி மாலை வேலை முடிந்து நேரே டாக்குரியாவுக்கு ஓடினேன். தாதா என் கட்டுரை இருந்த மலரை மடியில் விரித்து வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார்: "நீ இந்தப் பாதைக்கு எந்த மாசம் போனாய்?" பூஜைக்கு என்றேன். அவர் மலரை மூடி வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய மலர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். எழுந்து நின்று, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நாம் எழுதியது எல்லாமே பூஜை மாசத்து மலை. மழை முடிந்த மறு வாரத்து மலை. வேறு மலை நமக்குத் தெரியவே தெரியாது."

எனக்குப் புரிந்தது அப்போதுதான். மழை நின்றதும் எல்லாப் பாறையும் ஊற்றுதான். அதைக் கிணறு மாதிரி, வருஷம் முழுக்க இருப்பது மாதிரி நான் எழுதிவிட்டேன். மாதத்தைக் குறிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சங்கத்தில் யாரும் குறிப்பதில்லை, எல்லோரும் போவது ஒரே மாதம். ஏப்ரலில் லீவு கிடைக்கிற ஒரு ரயில்வேக்காரர் அதைப் படிப்பார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. நான் நினைத்திருக்க வேண்டும். அவருக்காகத்தானே உட்கார்ந்து எழுதினேன்.

ஞாயிறு காலை நான் மலையடிவாரக் கிராமத்தில் இருந்தேன். அத்தான் தங்கிய வீட்டுக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். "இந்த மாசம் மேலே ஊற்று எல்லாம் வற்றிவிடும், ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ரெண்டு கேன் தண்ணீர் எடுங்கள் என்று சொன்னேன் தம்பி. அவர் ஒரு காகிதத்தைக் காட்டினார். என் மச்சான் எழுதியிருக்கிறான், படித்த பையன் என்றார்." அந்த அம்மாளுக்கு நான்தான் அந்த மச்சான் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

கிராமத்து ஆட்கள் இரண்டு பேரோடு ஏறினேன். ரோடோடென்ட்ரான் மரங்கள் பூத்துச் சிவந்து கிடந்தன. காய்ந்த இலை காலடியில் நொறுங்கியது. யானைப் பாறையை நான்தான் முதலில் பார்த்தேன். பாசி கருகிப் பாறையோடு ஒட்டிக்கிடந்தது. அதன் நெற்றியில் மஞ்சள் பெருக்கல். கீழே, டெப்போவில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில்: "தண்ணி இல்ல. 10.40." கூட வந்தவர் இந்தியில் கேட்டார், என்ன எழுதியிருக்கிறது? தண்ணீர் இல்லை என்றேன். மூங்கில் புதருக்குப் பக்கத்துக் கல்லிலும் பெருக்கல்: "இங்கயும் இல்ல. ஈரம்கூட இல்ல. 1.15." மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அந்த மலையில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அத்தான் போய்க்கொண்டே நான் எழுதியதைத் திருத்தியிருந்தார், பழுதுள்ள பெட்டியைத் திருத்துவதுபோல, கோபம் இல்லாமல், மணி போட்டு. வழியெல்லாம் நான் அவர் பெயரைக் கத்தினேன். தொண்டை கட்டி, கடைசியில் காற்றுதான் வந்தது.

மேய்ப்பர் கொட்டகையை அடைந்தபோது கல்தொட்டிக்குள் சருகு நிறைந்திருந்தது. தொட்டியின் விளிம்பில் பெருக்கல். "காஞ்சு கிடக்கு. 4 மணி." அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "மாப்ள, நீ எழுதுனதுல திருத்திரு. அடுத்து வர்றவன் ஏமாறக் கூடாது." என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். தண்ணீர் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

இரவை அவர் கொட்டகையில் கழித்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி, சரிவு தொடங்கும் இடத்தில் நான்காவது கல். அதில் பெருக்கல் இல்லை. கீழ்நோக்கி ஓர் அம்பு. "கீழ தண்ணி சத்தம் கேக்குது. இறங்கிப் பாக்குறேன். காலை 6.10." காது கொடுத்துக் கேட்டேன். கேட்டது. வெகு ஆழத்தில், யாரோ பக்கத்து அறையில் குழாயைத் திறந்து விட்டதுபோல.

பாதித் தூரத்தில் அவர் கிடந்தார். இறங்கும்போது அல்ல, ஏறி வரும்போது விழுந்திருக்கிறார் என்று கூட வந்தவர்கள் பார்த்ததுமே சொன்னார்கள். ஏனென்றால் அவருடைய எவர்சில்வர் பாட்டில் நிறைந்திருந்தது. மூடி இறுகத் திருகியிருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. சட்டைப் பையில் என் தாள், நான்காக மடித்து.

போலீஸ் சாவடியில் பொருள்களைப் பட்டியல் எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். வெளியே வந்து பாட்டிலைத் திறந்து மண்ணில் கவிழ்த்தேன். யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா என்று எனக்கே இன்றுவரை தெளிவில்லை. பாட்டில் நிறைந்திருந்தால் அக்கா கேட்பாள், எதற்கு அந்தப் பள்ளத்தில் இறங்கினார் என்று. தண்ணீருக்கு என்று சொல்ல வேண்டும். நீ எழுதிய இடத்தில் தண்ணீர் இல்லையா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியை நான் அந்த மண்ணில் கொட்டினேன். வீட்டில், பாதை தவறிக் கால் வழுக்கிவிட்டது என்றேன். கல்லில் ஏதோ எழுதியிருந்தாராமே என்று அக்கா கேட்டபோது, வழி மறக்காமலிருக்க அம்புக்குறி போட்டிருந்தார் என்றேன். அக்கா காலிப் பாட்டிலை எடுத்துக் காதருகே ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள். துக்கம் கேட்க வந்த சங்கத்துக்காரர்கள் தங்களுக்குள் மேலே தண்ணீரே இல்லையாம் என்று வங்காளத்தில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கு எழுத்துதான் தெரியாது. வங்காளம் என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடிக்கும்போது பாதியில் டம்ளரை வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது எங்கள் சங்கத்துக்கு முன்னைவிட அதிகமாக போன் வருகிறது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கூட்டம் இல்லாத பாதை. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தைத் திட்டியவன்தான். இன்று யோசித்தால், அந்த டீக்கடை, மோமோக் கடை, சாணி போட்டுப் போன குதிரை எல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன. ஒவ்வொரு வளைவிலும் யாரோ தண்ணீரைத் தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அங்கே ஒருவர் எழுதிய தாள் தப்பாக இருந்தால் பக்கத்தில் நடப்பவன் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவான். ஆள் இல்லாத பாதையில் தாள் மட்டும்தான் துணை. அதை எழுதுகிறவன் இதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். நான் தெரிந்துகொள்ளவில்லை. அத்தான் சொன்ன திருத்தத்தையும் பதினேழு மாதமாகச் செய்யவில்லை. செய்தால், தண்ணீர் இல்லை என்று பார்த்தவராக அவர் பெயரை நான் அச்சில் பார்க்க வேண்டும்.

போன வாரம் பூஜை மலர் வேலைக்காக அறையில் தனியாக இருந்தேன். போனை வீட்டில் மறந்துவிட்டேன். மத்தியானம், அத்தானுக்குப் பிறகு என்னோடு வந்து தங்கியிருக்கும் அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த அறைக்கு அவள் வந்தது அதுவே முதல் முறை. சந்தில் இரண்டு பேரிடம் வழி கேட்டிருக்கிறாள். போனை என்னிடம் நீட்டவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். அத்தான் படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போய், போலீஸுக்காக நான் எடுத்து வைத்திருந்த படங்களை அவள் பார்த்துவிட்டாள். யானைப் பாறை. மஞ்சள் பெருக்கல்.

"அம்புன்னு சொன்ன. இது அம்பு இல்லையே."

திரையில் அந்தப் பெருக்கலைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு எழுத்து தெரியாதுடா. அவர் போட்ட பெருக்கல் தெரியாதா? பழுது இருந்தாத்தானே போடுவாரு. என்ன பழுதுன்னு எழுதியிருக்காரு? படி."

படித்தேன். நான்கு கல்லையும். மாப்ள என்று தொடங்கிய வரியையும். பர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்து, நான் எழுதிய மூன்று ஊற்றுகளையும் படித்தேன். என்னால்தான் அக்கா, என்றேன்.

"நீ எழுதுனது எனக்குத் தெரியாதா? என் முன்னாடிதானே உக்காந்து எழுதுன. அங்க தண்ணி இல்லன்னு ஊரே பேசிச்சு. கூட்டிக் கழிக்க எனக்குப் பள்ளிக்கூடம் வேணுமா?" குரல் உயரவில்லை. "நீயா வாயத் திறப்பேன்னு பாத்தேன். அது கிடக்கட்டும். கீழ இறங்குறேன்னு எழுதியிருக்காரே. இறங்கினாரா? தண்ணி கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது அக்கா. பாட்டில் நிறைய இருந்துச்சு. வயிறாரக் குடிச்சிருப்பாரு. மேல ஏறும்போதுதான்... பாட்டிலை நான்தான் கொட்டினேன்."

அக்கா கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நா வறண்டு செத்தாருன்னு நெனச்சிருந்தேன்டா. ஒரு மடக்கு எறங்கல எனக்கு. பதினேழு மாசம். உன் பழுத மறைக்க, இதையும் சேத்து மறைச்சியா?"

அவள் எழுந்து பலகையிடம் போனாள். "இதுல எது அவரு?" காட்டினேன். படிக்கச் சொன்னாள். "வியாழக்கிழமை வந்துருவேன்" என்று படித்தேன். துடைக்கலாமா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. பலகைக்குக் கீழே கிடந்த சாக்கட்டித் துண்டுகளில் ஒன்றை எடுத்து, அந்த வரிக்கு முன்னால், அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே குறியை, இரண்டு கோட்டை, மெதுவாக, அழுத்திப் போட்டாள். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, தனியாகவே ஸ்டேஷனுக்கு நடந்தாள். நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. சமைத்து வைக்கிறாள், தட்டை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள்.

அன்று மாலை தாதா வந்து பலகையைப் பார்த்துவிட்டு, இது என்ன, யார் போட்டது என்றார். பழுது என்று அர்த்தம், பின்னால் வருகிறவன் சரிசெய்ய வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் என் பழைய கட்டுரையை எடுத்து, முதல் ஊற்றின் வரியை அடித்து, ஏப்ரலில் இங்கே தண்ணீர் இல்லை, பத்து நாற்பதுக்குப் பார்த்தது என்று எழுதினேன். பார்த்தவர் பெயரைப் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. தலை நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். அத்தான் கையெழுத்திலேயே அவர் பெயர் இருந்தது. பார்த்து எழுதினேன்.